தொண்டிக் கடற்கரையில் பாயின்செட்டியா: இலை கருகுவது ஏன்?

கேள்வி: கிறிஸ்துமஸுக்காக மதுரையில் வாங்கிவந்த பாயின்செட்டியா என்னும் சிவப்பு இலைத் தொட்டிச்செடி, பொங்கலுக்குள் பாதி இலைகளை உதிர்த்துவிட்டது. மிச்சமிருக்கும் இலைகளும் ஓரத்தில் கருகுகின்றன. நாள்தோறும் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். அது சற்று உவர்ப்பானது. அடுத்த கிறிஸ்துமஸ் வரை இதைக் காப்பாற்ற முடியுமா? (தொண்டி வாசகி)

பதில்: தண்டு பச்சையாக இருந்தால் காப்பாற்றலாம். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் வெண்பாலும் தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கள்ளி, ஆமணக்கு, மரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வறட்சியை ஓரளவு தாங்கும், உப்பைத் தாங்காது.

இலையின் வழியே நீர் ஆவியாக வெளியேறும்போது, அதில் கரைந்திருந்த உப்பு இலையோரத்திலேயே தங்கிவிடுவதால் கருகல் அங்கிருந்து தொடங்குகிறது. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரின் உப்புதான் காரணம். ராமேஸ்வரம் தீவில் உள்ள, மணற்பாங்கான தங்கச்சிமடத்தில் ஆழமில்லாத கிணற்று நன்னீரைக் கொண்டு மல்லிகை நாற்று வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நம் கரையில் தொட்டிச்செடியைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பது விளங்கும்.

முதலில் தொட்டியைச் சுற்றியுள்ள ஜிகினாத் தாளை அகற்றுங்கள். அது தண்ணீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். பின்னர், தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நன்னீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். சிறு தொட்டிக்கு ஒரு குடம் போதும். குடிநீரை விலைக்கு வாங்கும் ஊரில் இது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் ஒருமுறை செய்தால் போதும். அதன்பின் சேமித்த மழைநீரையோ, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையோ, குடிநீரில் அரிசி களைந்த கழுநீரையோ, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். உப்பிட்ட வடிகஞ்சி கூடாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் கிணற்று நீரைவிட உப்பு மிகுந்தது என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். மண் மாற்றுவதானால் செம்மண்ணுடன் ஆற்று மணலும் மட்கிய சாணமும் கலந்துகொள்ளுங்கள். கடற்கரை மணல் ஆகவே ஆகாது, தென்னைநார்க் கழிவையும் நன்னீரில் அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

செடியைக் கடற்காற்று நேரே படாத, காலை வெயில் மட்டும் விழும் சுவரோரத்தில் வையுங்கள். மார்ச் மாதத்தில் தண்டுகளைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுக்கிளைகள் வரும். வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் நுனிகளைக் கிள்ளினால் செடி அடர்த்தியாகும். அதன் பிறகு கிள்ள வேண்டாம்.

சிவப்பாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, பூவடி இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் மஞ்சளாகச் சிறுத்திருக்கும். இரவு நீண்டால்தான் அந்த இலைகள் சிவக்கும். குளிர்நாடுகளில் அக்டோபர் முதல் எட்டு, பத்து வாரங்களுக்கு, நாளொன்றுக்கு 14 மணி நேரம் செடியை இருட்டில் வைப்பது வழக்கம். செப்டம்பர் இறுதி முதல் நம் ஊரில் இரவு இயல்பாகவே 12 மணி நேரத்தை ஒட்டி நீள்வதால், தெருவிளக்கோ வாசல் விளக்கோ படாத இடம் கிடைத்தால் போதும். அட்டைப்பெட்டியால் மூடினால் உள்ளே புழுக்கம் கூடும். இங்கு இரவிலும் வெப்பம் 24, 25 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்பதால், சிவப்பு மதுரையில் வாங்கியபோது இருந்த அளவுக்கு அடர்த்தியாக இராது. கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியில் நிறம் ஏறினாலும் செடிக்கு நோய் என்று எண்ணி உரத்தைக் கூட்டிவிடாதீர்கள், அதுவும் மண்ணில் உப்பையே சேர்க்கும்.