பெண் தேன்சிட்டுகளை எப்படிப் பிரித்து அறிவது?

தோட்டத்துக்கு மூன்று வகைத் தேன்சிட்டுகள் வருகின்றன, ஆண்களை ஓரளவு பிரித்துவிடுகிறேன், பெண்கள் மட்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இதே மூன்றுதான்: ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. இரண்டு வருடம் குழம்பியபின் நான் பிடித்துக்கொண்ட வழி இது: முதலில் தொண்டையைப் பாருங்கள், அப்புறம் அலகை. முதுகின் நிறத்தை விட்டுவிடுங்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, அதற்குக் கீழே மார்பு மட்டும் மஞ்சள், விலாப்பக்கம் மறுபடி வெளுப்பு என்றால் அது ஊதாப்பிட்டின் பெண். தாடையிலிருந்தே மஞ்சள் தொடங்கி வயிறுவரை ஒரே சீராக இறங்கினால் மற்ற இரண்டில் ஒன்று. இந்த ஒரு பார்வையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக்கு அலகு. லோட்டனின் அலகு நீளமானது, அரிவாள்போல நன்றாக வளைந்தது. ஒருநாள் காலை கிணற்றடி வாழைப்பூவில் ஒரு பெண் லோட்டன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு பூவாக அலகை விட்டு எடுத்ததை நாலடி தூரத்திலிருந்து பார்த்தேன். தலையைவிட அலகு மிக நீளமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஊதாத் தேன்சிட்டின் அலகும் வளைந்ததுதான், ஆனால் குட்டை. அதன் கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு ஒன்று இருக்கும். லோட்டன் பெண்ணுக்கு அது தெளிவாகத் தெரியாது. (லோட்டன் என்பது 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவரின் பெயர்.)

ஆண்களைப் பிரித்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் ஊதாத் தேன்சிட்டு அந்தப் பளபளப்பை உதிர்த்துவிட்டுப் பெண்போல மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறுவரை நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோடு தெரிந்தால் அதைப் பெண் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊதாப்பிட்டு ஆணுக்கு இந்த மாற்றம் கிடையாது. நிழலில் ஊதாவும் லோட்டனும் இரண்டுமே கறுப்பாகத் தெரியும். அப்போதும் அலகுதான் கைகொடுக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் லோட்டனின் வயிறு மங்கிய பழுப்பு, ஊதாவின் வயிறு நீலம் கலந்த கறுப்பு.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் காலை ஏழு மணிக்கு அசையாமல் உட்காருங்கள். பெரிய பூவுக்குள் நுழையச் சிரமப்படாமல், வெளியிலிருந்தே அடிப்பக்கத்தைக் குத்தித் தேன் எடுப்பதைப் பார்க்கலாம். அந்தச் சில நொடிகள் தொண்டை நன்றாகத் தெரியும்.

குஞ்சுகளிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். கூட்டைவிட்டுப் புதிதாக வெளிவந்த லோட்டன் குஞ்சுக்கு அலகு இன்னும் முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. பார்த்தால் ஊதாத் தேன்சிட்டு என்றே தோன்றும். அது கிளையில் உட்கார்ந்து இறக்கையை நடுக்கிக் கத்திக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால் தாய் இரையோடு வரும். அப்போது தாயின் அலகைப் பாருங்கள்.