முன்பள்ளிக் கட்டணம் குறையவும் தரம் உயரவும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ரீச்சரின் சம்பளத்தைப் பெற்றோரின் தலையிலிருந்து இறக்கி, அரசு பொறுப்பேற்க வேண்டும். நான் திருகோணமலையில் முன்பள்ளி ஆசிரியை. நீங்கள் கேட்ட கட்டணம், தரம் இரண்டும் சிக்கி நிற்பது இந்த ஒரு இடத்தில்தான்.

இலவசக் கல்வி என்று பெருமைப்படுகிறோம். ஆனால் அது முதலாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாணத்துக்குக் கொடுத்தது. அதனால் பதிவும் பயிற்சியும் மாகாணத்தின் வேலையாயின. முன்பள்ளியை நடத்துவது கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, மாதர் சங்கமோ, தனியாரோ. ரீச்சருக்குக் கிடைக்கும் மாகாணக் கொடுப்பனவு குடும்பம் நடத்தக் காணாது. மிச்சத்தைப் பிள்ளைகளின் மாதக் கட்டணம்தான் நிரப்ப வேண்டும்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கரையோரத்துக்கு வருமானம் நின்றுவிடும். "ரீச்சர், தொழில் இல்லை, பிறகு தாறன்" என்று தாய் வாசலில் நின்று சொல்லும்போது எந்த ரீச்சரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பமாட்டார். அந்த மாதம் அவருடைய சம்பளம் குறையும், அவ்வளவுதான். கட்டணத்தைக் குறையுங்கள் என்று மட்டும் கேட்டால், ஒரு ஏழைப் பெண்ணின் சம்பளத்தைக் குறைத்து இன்னொரு ஏழைப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்றுதான் அர்த்தம்.

தரம் என்றதும் பலருக்கு நிறம் பூசிய சுவரும் சீருடையும் கலைவிழாவும்தான் நினைவுக்கு வருகின்றன. என் வகுப்பில் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கூடைகளில் பிரிக்கச் சொல்வேன். நாலு வயதுப் பையன் ஒருவன் சின்னச் சிப்பியொன்றைப் பெரிய சிப்பிகளுக்குள் வைத்தான். "ஏன் அதை இதுக்குள்ள வச்சனீங்க?" என்று பக்கத்தில் குந்திக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதிலயும் கோடு இருக்கு" என்றான். அவன் அளவைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்துப் பிரித்திருக்கிறான். கணிதம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பதில் வரும்வரை காத்திருக்க எனக்கு நேரம் இருந்தது, ஏனென்றால் அன்று உதவி ஆசிரியை இருந்தார். முப்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கும் ரீச்சருக்கு எல்லோரையும் இருத்திக் கொப்பியில் 'அ' எழுத வைப்பதுதான் ஒரே வழி. மூன்று வயது விரல்கள் பென்சிலுக்குத் தயாரில்லை. களிமண் பிசையட்டும், மணல் அள்ளட்டும். வீட்டுவேலை கேட்கும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன்.

இப்படிக் கேட்கவும் காத்திருக்கவும் பழகுவதற்குக் காலம் எடுக்கும். பழகியவர்களோ சம்பளம் காணாமல் கடை வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். தரம் அவர்களோடு போகிறது.

அடுத்தது நேரம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் தாயின் வேலை பின்னேரம் முடியும். முன்பள்ளி மத்தியானத்துக்கு முன்பே விட்டுவிடும். அம்மம்மா இருந்தால் சரி, இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். இலங்கைப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்த பிறகு மூன்று வயதுவரை பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பதிலே இல்லை.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டொலர் என்று பராமரிப்புக் கட்டணத்தை இறக்கியது. தாய்மார் வேலைக்குப் போவது கூடியது. ஆனால் பல நிலையங்கள் குறைந்தபட்சத் தரத்தைத் தாண்டவில்லை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். இலாப நோக்கில்லாத சமூக நிலையங்கள் மேலாக இருந்தன. நமக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு: நம்மிடம் கோயிலும் சங்கமும் நடத்தும் முன்பள்ளிகள் ஏற்கனவே இருக்கின்றன. புதிதாகக் கட்டத் தேவையில்லை, அவற்றில் வேலை செய்பவர்களைத் தாங்கினால் போதும்.

யாரிடம் கேட்பது என்பதுதான் கடினம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடமிருந்து தொடங்குங்கள். பெற்றோர் கூட்டமாகப் போய், சமையலறை உள்ள ஒரு முன்பள்ளியையாவது பின்னேரம் மூன்று மணிவரை திறந்து வைக்கவும், அங்கே இரண்டாவது ரீச்சருக்குச் சபை நிதியிலிருந்து சம்பளம் கொடுக்கவும் எழுத்தில் கேளுங்கள்.