லேடி பேர்ட் ஏரியில் பாஸ் மீன் கண்ணுக்குத் தெரிகிறது, தூண்டிலில் மட்டும் சிக்கவில்லையே, ஏன்?

உங்களுக்கு மீன் தெரிகிறது என்றால் மீனுக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர நடுவே இருக்கும் இதைப் பெயருக்குத்தான் ஏரி என்கிறோம். 1960-ல் லாங்ஹார்ன் அணையால் தேங்கிய கொலராடோ ஆறுதான் இது. அதனால் ஆறு மாதிரியே பாருங்கள். மேலே உள்ள டாம் மில்லர் அணையில் தண்ணீர் திறந்தால் லேசான ஓட்டம் இருக்கும். அப்போது பாஸ் ஓட்டத்தோடு மல்லுக்கட்டாது. பாலத்தூணின் பின்பக்கம், சாய்ந்த மரத்தடி, பாசி விளிம்பு என்று ஒதுங்கி, இரை தன்னிடம் வரட்டும் என்று நிற்கும்.

தூண்டிலின் தடித்த நரம்பைக் (இழையைக்) கழற்றிவிட்டு, 8 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பு போடுங்கள். தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. ஈயக்குண்டு வேண்டாம். பச்சை கலந்த பழுப்பு நிறப் பிளாஸ்டிக் புழுவை நடுவில் கொக்கி குத்தி, நிழலைத் தாண்டி எறிந்து, சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்! புழு இரு முனையும் நடுங்க மெல்ல இறங்கும்போதே பெரும்பாலும் கடித்துவிடும். மீன் கடித்து இழுப்பது கையில் தெரியாது, தளர்ந்த நரம்பு பக்கவாட்டில் நகரும். அதைப் பார்த்து இழுக்க வேண்டும்.

விடியற்காலையே நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாலத்து நிழலை விடாதீர்கள். அப்புறம், இங்கே பெட்ரோல் மோட்டாருக்குத் தடை, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகே போதும். 17 வயது ஆகிவிட்டால் டெக்சாஸ் மீன்பிடி உரிமமும் வேண்டும்.