பயமா என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறான்

கேள்வி: மகனுக்கு 26 வயது, ஆட்டிசம். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி பேக்கிங்கில் வேலை. மூன்று மாதமாகக் காலையானால் வயிற்றுவலி என்கிறான்; கம்பெனி பஸ் வந்தால் ஒளிந்துகொள்கிறான். பயமா என்றால், இல்லை என்கிறான். தெரிந்தவர் ஒருவர், ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார். — ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு உள்ளே நடப்பதற்குப் பெயர் வைக்க வராது. வயிறு பிசைவது தெரியும், அது பயம் என்று தெரியாது. அதனால் பயமா என்று கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் என்ன மாறியது? பஸ் நேரமா, உட்காரும் இடமா, சூப்பர்வைசரா? உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் நிற்கிற பையன்கூட பஸ் பத்து நிமிடம் தாமதமானால் கலங்கிப்போவான். சிரசு வைகாசி முதல் நாள் என்று அவனுக்குத் தெரியும். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. மாற்றத்தை முந்தைய நாளே தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் வயிற்றைப் பாருங்கள். நிஜமாகவே வயிறாக இருக்கலாம். மலச்சிக்கலாக இருக்கலாம், அல்சராக இருக்கலாம். ஏன், சொத்தைப் பல்லாகவும் இருக்கலாம். வலி எங்கே என்று காட்டத் தெரியாதவர் வயிற்றைக் காட்டுவார். ஆட்டிசம் என்ற சொல் காதில் விழுந்ததும் வயிற்றில் கைவைத்துப் பார்க்காமல் மனநல மாத்திரை எழுதுகிறவர்கள் உண்டு. என்னைப் போன்ற டாக்டர்கள்தான். 18 முடிந்ததும் குழந்தைகள் பிரிவு வெளியே அனுப்பும். பெரியவர்கள் பிரிவு, ‘இது குழந்தைகள் சமாச்சாரமாச்சே’ என்னும். நடுவில் நீங்கள் பைலோடு அலைய வேண்டும்.

அந்த அலைச்சலில்தான் ஊசிக்காரர் வருகிறார். ஆட்டிசத்தை ஸ்டெம் செல் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. நகையை அடகு வைக்காதீர்கள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஐயாயிரம் கேட்பவரும் இதே ரகம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு, விண்ணப்பம் இலவசம்.

உடம்பில் கோளாறு இல்லை என்றால் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போங்கள். மாத்திரை தந்தால் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் காக்க வைக்காமல் முதல் டோக்கன் கேளுங்கள். மறுத்தால், மரத்தடியில் இருக்கிறோம், போனில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு மகனோடு வெளியே இருங்கள்.