உடம்பு தேறிய பிறகு முடி கொட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 45. பல ஆண்டுகளாக மாதவிடாயின்போது அதிக இரத்தப்போக்கு இருந்ததால், நான்கு மாதங்களுக்கு முன் கர்ப்பப்பையை அகற்றினார்கள். உடம்பு தேறி வீட்டு வேலைகளைத் தொடங்கிய பிறகு, தலை வாரும்போதெல்லாம் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தினர். தீர்த்தமலையில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, அதன் வேர்ப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் கசகசாவைப் போன்ற வெள்ளை முடிச்சு தெரிந்தால், அது வளர்ச்சியை முடித்துக்கொண்டு ஓய்வுக்குப் போன முடி. சாதாரணமாகத் தலைமுடியில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளர்ந்துகொண்டும், ஏறக்குறைய மற்றவை ஓய்விலும் இருக்கும். பெரிய அறுவை சிகிச்சை, இரத்த இழப்பு, சரியாகச் சாப்பிட முடியாத நாட்கள் ஆகியவை சேர்ந்து உடலை உலுக்கும்போது, வளர வேண்டிய முடிகளில் பல ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆனால் அவை அன்றே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் தலையிலேயே இருந்துவிட்டு, தையல் ஆறி நீங்கள் நிம்மதியாக மூச்சு விடும் நேரம் பார்த்து உதிர்கின்றன. 'டீலோஜன் எஃப்ளூவியம்' எனப்படும் இந்த உதிர்வில் மயிர்க்கால்கள் அழிவதில்லை என்பதால், முடி மறுபடியும் முளைக்கும்.

தண்ணீரின் மேல் பழி போட வேண்டாம். நம் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் கறை படிவது உண்மைதான். உப்பு நீரில் குளித்தால் முடி சொரசொரப்பாவதும் உண்டு. ஆனால் அதே தண்ணீரில்தானே இத்தனை ஆண்டுகளும் தலைக்குக் குளித்தீர்கள்? மொட்டை, வேண்டுதல் என்றால் உங்கள் விருப்பம். மழித்த முடி மழுங்கிய நுனியோடு வளர்வதால் தடிப்பாகத் தெரியுமே தவிர, மயிர்க்கால்களின் எண்ணிக்கை கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தப் பல ஆண்டு இரத்தப்போக்குதான். அறுவைக்கு முன் ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டிருந்தாலும், உடலின் இரும்புச்சத்து இருப்பு வற்றிப்போயிருக்கலாம். எனவே ஹீமோகுளோபினோடு, அந்த இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். முடிக்காகப் பலர் எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டிவிடக்கூடும். சினைப்பைகளையும் அகற்றினார்களா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். அகற்றியிருந்தால் ஹார்மோன் குறைவும் முடியைப் பாதிக்கலாம். கேழ்வரகுக் களி நல்லதுதான். என்றாலும் அதன் இரும்புச்சத்தை உடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. களியோடு கொள்ளுக் கடைசலோ முட்டையோ இருக்கட்டும், எலுமிச்சைச் சாறு சேருங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தவிருங்கள். இருப்பு குறைவென்று தெரிந்தால், மாத்திரை இல்லாமல் உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம்.

உதிர்வு பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களில் அடங்கும். அதற்கு மேலும் நீடித்தாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை சீப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நெற்றியோரத்தைப் பாருங்கள். எண்ணெய் தடவிப் படிய வாரினாலும் அடங்காமல் நிமிர்ந்து நிற்கும் குட்டை முடிகள் தெரிந்தால், அவை புதிதாக முளைத்தவை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பின்னல் பழைய பருமனுக்கு வர ஓராண்டுக்கு மேலாகும்.