சம்பளமில்லாமல் லேபில் உழைத்தால் பிஎச்.டி. இடம் கிடைக்குமா? கேள்வி பதில்

(உயிரியல் ஆய்வகங்களில் பதினோரு வருடமாக இருக்கிறேன். முதல் பதினான்கு மாதம் ஒரு ரூபாய் வாங்கவில்லை.)

கேள்வி (எம்.எஸ்சி. முடித்தவர், திருச்சி): அக்கா, எட்டு மாதமாகச் சம்பளமில்லாமல் ஒரு லேபில் இருக்கிறேன். "அடுத்த அட்மிஷன்ல பாத்துக்கலாம்" என்கிறார் கைடு (ஆய்வு வழிகாட்டி). நம்பலாமா?

பதில்: தம்பி, அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் இடம் அவர் கையில் மட்டும் இல்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரே சமயத்தில் ஒரு பேராசிரியரிடம் 8 பிஎச்.டி. மாணவர்கள், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 பேர்தான் இருக்கலாம். முதலில் அவரிடம் காலியிடம் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) இல்லாமல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்துச் சேர்ந்தால் நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. உங்கள் எட்டு மாத உழைப்புக்கு மதிப்பு அந்த 30-க்குள்தான்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். பகலெல்லாம் செல் வளர்த்தேன், வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) ஓட்டினேன். இரவில் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். நெட் தேர்வில் தேறவில்லை. அட்மிஷன் வந்தபோது ஜேஆர்எஃப் வாங்கிய ஒருவர் வந்தார், இடம் அவருக்குப் போனது. இன்றைய கணக்கில் அவர் மாதம் 37,000 ரூபாயைத் தன்னோடு கொண்டுவருகிறார். எந்த கைடு வேண்டாம் என்பார்? உங்கள் நேரத்தை நெட்டுக்குக் கொடுங்கள்.

கேள்வி (கோவை): நானும் ஆறு மாதமாக இப்படித்தான். இன்னும் எத்தனை மாதம் இருக்கலாம்?

பதில்: மேலே உள்ள பதில்தான் உங்களுக்கும்.

கேள்வி (மதுரை): கட்டுரையில் பெயர் போடுவதாக வாய்வார்த்தையாகச் சொன்னார்.

பதில்: எழுத்தில் வாங்குங்கள். "இன்று பேசியபடி இந்தச் சோதனைகளை நான் செய்கிறேன், கட்டுரையில் என் பெயர் வரும் என்றீர்கள்" என்று மரியாதையாக ஒரு மெயில் போதும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): குருவிடம் வித்தை கற்பதற்குக் கூலி கேட்பதா அம்மா?

பதில்: ஐயா, கற்பதற்கு யாரும் கூலி கேட்கவில்லை. முதல் இரண்டு மாதம் கற்றல், ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாம் மாதம் அதே பிள்ளை புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, கெமிக்கல் ஆர்டர் போடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வந்து செல்லுக்கு மீடியா (வளர்ப்புத் திரவம்) மாற்றுகிறது. அது வேலை. ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கேட்கும்போதே ஆள் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்க வழியிருக்கிறது.

அவரே மறுபடி: வசதியில்லாதவர்களும் எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தார்கள்.

பதில்: படித்தவர்களை மட்டும் பார்க்கிறீர்கள் ஐயா. என்னோடு சேர்ந்த ஒரு பெண், கிராமத்திலிருந்து வந்தவள், மூன்றாம் மாதம் ஹாஸ்டல் பணம் கட்ட முடியாமல் ஊருக்குப் போனாள். கைவேலையில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. உள்ளூரில் சொந்த வீடு இருந்ததால் நான் தாக்குப்பிடித்தேன். இந்த வழக்கம் திறமையைச் சலிக்கவில்லை, வீட்டு வசதியைத்தான் சலிக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (சேலம்): ஜெர்மனியில் எப்படி?

பதில்: அங்கே பல பிஎச்.டி. இடங்கள் ஒப்பந்தத்தோடு கூடிய சம்பள வேலை. டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) இணையதளத்தைப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஒரு வருடம் சம்பளமில்லாமல் இருந்தால் சீட் உறுதியா?

பதில்: இல்லை. மூன்றாவது முறை சொல்கிறேன்.

கேள்வி (வேலூர்): சரி, அனுபவத்துக்கு வேறு என்ன வழி?

பதில்: ஆய்வுத் திட்டங்களில் சம்பளத்தோடு வரும் ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப் பணி அறிவிப்புகளைப் பல்கலைக்கழகங்கள், மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களின் தளங்களில் வாராவாரம் பாருங்கள். இன்னும் படித்துக்கொண்டிருந்தால், இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. எதுவுமே அமையாமல் சம்பளமின்றித்தான் போகவேண்டும் என்றால், எட்டு வாரம், ஒரு குறிப்பிட்ட வேலை, முடிவில் சான்றிதழ். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.