ஏறுமுக டிவிடெண்ட்: சல்லடையில் எது நிற்கும், எது நழுவும்?

ஆண்டுதோறும் டிவிடெண்டை (நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் தொகையை) உயர்த்தித் தரும் பங்குகளை நீண்ட கால வருமானத்துக்காகத் தேர்ந்தெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பங்குகளை வடிகட்டித் தரும் இணையக் கருவியான ஸ்கிரீனரில் டிவிடெண்ட் யீல்டை மேலிருந்து கீழாக அடுக்கினால் 9%, 10% தரும் பங்குகள் முதலில் வருகின்றன. முதல் 10 பங்குகளை வாங்கிவிட்டால் போதாதா?

போதாது. அடுத்து டிவிடெண்டைக் குறைக்கப்போகும் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த வரிசையின் உச்சியில்தான் உட்கார்ந்திருக்கும். டிவிடெண்டைப் பங்கு விலையால் வகுத்தால் வருவது யீல்டு. விலை 100, டிவிடெண்ட் 4 என்றால் யீல்டு 4%. லாபம் சரியப்போகிறது என்று சந்தை மோப்பம் பிடித்து விலையை 45-க்கு இறக்கிவிட்டால், அதே 4 இப்போது 8.9% ஆகத் தெரியும். கையில் வரும் தொகை ஒரு பைசா கூட ஏறவில்லை. ஸ்கிரீனர் பெரும்பாலும் காட்டுவது கடந்த 12 மாதங்களில் கொடுத்த தொகையை. இனி வரப்போவதை அல்ல. ஒரு பிரிவை விற்ற பணத்தில் ஒரே ஒருமுறை கொடுத்த சிறப்பு டிவிடெண்டும் அதில் கலந்திருக்கலாம்.

ஆகவே யீல்டுக்குக் கீழ் வரம்பு போலவே மேல் வரம்பும் வையுங்கள். அந்தப் பங்கின் சொந்த 5 ஆண்டு சராசரி யீல்டைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், காரணம் தெரியும்வரை தொட வேண்டாம்.

சரி, எந்த வடிகட்டிகளை எந்த வரிசையில் போடுவது?

முதலில் வரலாறு. குறைந்தது 10 ஆண்டுகள் டிவிடெண்டைக் குறைக்காமல், அதில் 8 ஆண்டுகளாவது உயர்த்தியிருக்க வேண்டும். 10 ஆண்டு என்பது ஒரு மந்தநிலையாவது உள்ளே விழும் அளவுக்கான காலம். நல்ல காலத்தில் உயர்த்துவது யாருக்கும் முடியும்.

இரண்டாவது, உயர்வின் வேகம். 10 ஆண்டு முன்பு பங்குக்கு 4.00, இப்போது 8.64 என்றால் ஆண்டுக்கு 8% கூட்டு வளர்ச்சி. இந்த ஒரு எண்ணோடு நிறுத்தாதீர்கள். 10 ஆண்டு வேகம், 5 ஆண்டு வேகம், கடைசி உயர்வு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 8, 5, 1 என்று இறங்கி வந்தால் நிர்வாகத்துக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது வடிகட்டியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: பங்குக்கான லாபம், அதாவது இபிஎஸ், டிவிடெண்டுக்கு ஈடாக வளர்கிறதா? ஒரு கணக்கைப் பாருங்கள். இன்று லாபத்தில் 40% டிவிடெண்டாகப் போகிறது. டிவிடெண்ட் ஆண்டுக்கு 8% ஏறுகிறது, இபிஎஸ் 3% மட்டுமே ஏறுகிறது. 10 ஆண்டில் அந்த 40%, 64% ஆகிவிடும். 20 ஆண்டில் 103%. சம்பாதிப்பதைவிட அதிகம் கொடுக்கும் நிலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனை ஆண்டும் அழகான 8% வளர்ச்சிதான் தெரிந்திருக்கும். நீண்ட காலம் வைத்திருக்க வாங்குபவரை அதிகம் கடிக்கும் ஓட்டை இதுதான்.

அதற்குப் பிறகு கொடுப்பு விகிதம், அதாவது சம்பாதித்ததில் டிவிடெண்டாகப் போகும் பங்கு: நிகர லாபத்தில் 60%-க்குள், ஃப்ரீ கேஷ் ஃப்ளோவில் (செயல்பாட்டில் வந்த பணத்தில் மூலதனச் செலவு போக மீதம்) 70%-க்குள். கடைசியாகக் கடன்: நிகரக் கடன் எபிட்டாவைப் (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) போல் மூன்று மடங்குக்குள்ளும், செயல்பாட்டு லாபம் வட்டியைப் போல் குறைந்தது ஐந்து மடங்காகவும் இருக்கட்டும். இவை கல்லில் செதுக்கிய எண்கள் அல்ல, பட்டியலைச் சுருக்குவதற்கான கோடுகள்.

எல்லாத் துறைக்கும் இதே கோடுகள் பொருந்தாது. வங்கிகளுக்கு ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்ற எண்ணே அர்த்தம் தராது. அங்கே மூலதனப் போதுமை விகிதத்தையும் (நட்டத்தைத் தாங்க வங்கியிடம் இருக்கும் சொந்த மூலதனத்தின் அளவு) வாராக் கடனையும் பாருங்கள். கட்டடங்களை வைத்திருந்து வாடகை வருமானத்தைப் பகிர்ந்து தரும் ரீட் நிறுவனங்களில் கட்டடத் தேய்மானம் லாபத்தைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டும், கொடுப்பு விகிதம் 100%-ஐத் தாண்டியதாகத் தெரியும். தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சொத்து விற்ற லாபத்தைக் கழித்து வரும் எஃப்எஃப்ஓ எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். மின்சாரம், குடிநீர் போன்ற துறைகளில் வருமானம் நிலையானது என்பதால் கொடுப்பு விகிதம் 75% வரை போகலாம். கடனும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் கொடுப்பு விகிதம் 45%தான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கடன் கூடிக்கொண்டே போகிறது. லாபத்தில் பாதிக்கும் மேல் மிச்சம் இருக்கும்போது கடன் எதற்கு?

மிச்சம் இருப்பது ஏட்டில், பணமாக இல்லை. நிகர லாபம் 500, டிவிடெண்ட் 225. நீங்கள் சொன்ன 45%. இப்போது பணப்புழக்க அறிக்கையைத் திறந்து பாருங்கள். செயல்பாட்டிலிருந்து வந்த பணம் 380 மட்டுமே, ஏனென்றால் விற்ற சரக்குக்குப் பணம் இன்னும் வசூலாகவில்லை, கிடங்கிலும் இருப்பு ஏறியிருக்கிறது. அதில் இயந்திரம், ஆலைக்கான மூலதனச் செலவு 240. மீதம் 140. கொடுத்த டிவிடெண்டோ 225. குறையும் 85-ஐக் கடன் வாங்கித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஓராண்டு இப்படி நடந்தால் பரவாயில்லை. பெரிய ஆலை கட்டும் ஆண்டில் எந்த நிறுவனத்துக்கும் இது நேரும். ஐந்து ஆண்டுப் பணத்தையும் மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். ஐந்தாண்டு ஃப்ரீ கேஷ் ஃப்ளோ ஐந்தாண்டு டிவிடெண்டைவிடக் குறைவு என்றால் தள்ளிவிடுங்கள். அமெரிக்கக் குழாய்வழி நிறுவனமான கிண்டர் மார்கன் சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியை டிவிடெண்டாகக் கொடுத்துவிட்டு, புதிய திட்டங்களுக்கு வெளிச்சந்தையில் பணம் திரட்டி வந்தது. எண்ணெய் விலை சரிந்து பங்கு விலையும் விழுந்து அந்த வாசல் குறுகியதும், 2015 டிசம்பரில் காலாண்டு டிவிடெண்டை 51 சென்டிலிருந்து 12.5 சென்டாக வெட்டியது.

யீல்டு 2.5%, ஆண்டுக்கு 9% வளரும் பங்கு. யீல்டு 6%, ஆண்டுக்கு 1% வளரும் பங்கு. எது மேல்?

எப்போது பணம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. இரண்டிலும் 1,00,000 போட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் ஒன்று 2,500 தரும், மற்றது 6,000. வளரும் பங்கு ஆண்டு வருமானத்தில் முந்துவது 13-வது ஆண்டில்தான்: 7,032-க்கு எதிராக 6,761. ஆனால் அதுவரை பின்தங்கிய தொகையையும் ஈடுகட்ட வேண்டுமே! வாங்கிய டிவிடெண்டை எல்லாம் கூட்டினால் 20 ஆண்டு முடிவிலும் 6% பங்குதான் முன்னே நிற்கிறது, 1,32,100-க்கு 1,27,900. 21-வது ஆண்டில்தான் நிலைமை மாறும். டிவிடெண்டைத் திரும்ப முதலீடு செய்யாமல் போட்ட கணக்கு இது.

அதுவும் 20 ஆண்டுகள் விடாமல் 9% வளரும் என்ற நம்பிக்கையின் பேரில். கணக்குப் போடும்போது முதல் 5 ஆண்டுக்கு 9%, பிறகு 5% என்று வைத்துப் பாருங்கள். வேலையில் இருந்துகொண்டு இன்னும் 20, 25 ஆண்டு கழித்து வருமானம் தேவைப்படுபவருக்கு வளரும் பங்கு சரி. பங்கின் விலையும் காலப்போக்கில் டிவிடெண்டோடு ஏறும் வாய்ப்பு அங்கே அதிகம். அடுத்த மாதமே வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பவர் 2.5% பங்குகளை மட்டும் வாங்கிவிட்டு அவதிப்படக் கூடாது. 3% முதல் 4% யீல்டும் 5% முதல் 6% வளர்ச்சியும் உள்ள நடுத்தரமானவை அவருக்குப் பொருந்தும்.

நான் தேர்ந்தெடுத்த பங்கு டிவிடெண்டை 10-லிருந்து 6-ஆகக் குறைத்துவிட்டதாக ஸ்கிரீனர் காட்டுகிறது. நிறுவனமோ உயர்த்தியதாகச் சொல்கிறது.

இடையில் போனஸ் பங்கோ பங்குப் பிரிப்போ நடந்ததா என்று பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம் என்றால் பழைய 10 என்பது இப்போதைய கணக்கில் 5. ஆக 5-லிருந்து 6, 20% உயர்வு. ஸ்கிரீனர் பழைய எண்ணைத் திருத்தாமல் விட்டிருக்கிறது. ஆண்டு முடியும் முன்பே தரும் இடைக்கால டிவிடெண்ட் ஒரு நிதியாண்டிலிருந்து அடுத்ததற்கு நழுவி, ஓராண்டில் மூன்றும் அடுத்ததில் ஒன்றுமாகப் பதிவாவதும் உண்டு. வாங்குவதற்கு முன் ஆண்டறிக்கையிலிருந்து 10 ஆண்டு எண்களைக் கையால் எடுத்து எழுதிவிடுங்கள்.

25 ஆண்டு தொடர்ந்து உயர்த்திய நிறுவனங்களின் பட்டியல் கிடைக்கிறது. அதை அப்படியே வாங்கலாமே?

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் அப்படிப்பட்ட நிறுவனங்களை ‘டிவிடெண்ட் அரிஸ்டோக்ராட்ஸ்’ என்று தொகுக்கிறார்கள். தேடலைத் தொடங்க நல்ல இடம். ஆனால் வெட்டியவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடுவார்கள். இன்றைய பட்டியலை எடுத்து 20 ஆண்டு பின்னோக்கிச் சோதித்தால் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிறோம். முடிவு அழகாகத்தான் வரும்.

அதில் இருந்த மருந்துக்கடை நிறுவனம் வால்க்ரீன்ஸ். அதன் காலாண்டு டிவிடெண்ட் 2020-ல் 46.75 சென்ட், 2021-ல் 47.75, 2022-ல் 48. கடைசி உயர்வு கால் சென்ட், அதாவது 0.5%. தொடர் உயர்வுக் கணக்கு 47 ஆண்டு என்று நீண்டது, 2023-ல் உயர்வு நின்றது, 2024 ஜனவரியில் 25 சென்டாக வெட்டினார்கள், 2025 ஜனவரியில் டிவிடெண்டையே நிறுத்திவிட்டார்கள். வெட்டுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே அந்தக் கால் சென்ட் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சாதனைக் கணக்கு அறுந்துபோகக் கூடாது என்பதற்காக மட்டும் உயர்த்துகிறார்கள் என்று தோன்றினால், பட்டியலில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள்.

எத்தனை பங்குகள் வைத்திருக்கலாம்? எப்போது விற்பது?

20 முதல் 25 போதும். எண்ணிக்கையைவிட முக்கியம், உங்கள் மொத்த டிவிடெண்ட் வருமானத்தில் ஒரு பங்கு 6%-ஐயும் ஒரு துறை 20%-ஐயும் தாண்டாமல் இருப்பது. முதலீட்டு மதிப்பை வைத்து அல்ல, வருமானத்தை வைத்து அளவிடுங்கள். யீல்டு கூடிய பங்கு மதிப்பில் சிறியதாக இருந்தாலும் வருமானத்தில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும். 2009-ல் அமெரிக்க வங்கிகளான ஜேபி மார்கன் 38 சென்டை 5 சென்டாகவும், வெல்ஸ் ஃபார்கோ 34 சென்டை 5 சென்டாகவும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துக் குறைத்தன. ஒரே துறையில் ஐந்து வங்கிப் பங்குகள் வைத்திருந்தால் அது பரவலாக்கம் ஆகாது.

விலை இறங்கியதற்காக விற்காதீர்கள். டிவிடெண்ட் உயர்வு லாப வளர்ச்சியைவிடத் தொடர்ந்து மூன்று ஆண்டு வேகமாகப் போனாலோ, ஃப்ரீ கேஷ் ஃப்ளோ டிவிடெண்டுக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து பற்றாமல் போனாலோ, கடன் வாங்கிப் பெரிய நிறுவனம் ஒன்றை விழுங்கினாலோ, மறுபடி முதல் வடிகட்டியிலிருந்து போட்டுப் பாருங்கள். இன்று புதிதாக வாங்கும் பட்டியலில் அது நிற்காவிட்டால் விற்றுவிடலாம். சல்லடையை ஆண்டறிக்கை வந்ததும் ஒருமுறை, அரையாண்டு முடிவுகளின்போது ஒருமுறை போட்டால் போதும்.